ஸ்போர்ட்ஸ் பைக்கை விற்றுவிட்டு டூரிங் வண்டி: மனைவியோடு நெடும்பயணம் போக எது சரி?

பதிவு 1: வெள்ளலூர் வாசி

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக முழு ஃபேரிங் (காற்றைக் கிழிக்கும் மேலுறை) போட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருக்கிறேன். நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. தனியாக ஓட்டும் வரை அதைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விடியுமுன் கோவையிலிருந்து கிளம்பி, உடுமலை வழியாகச் சின்னாறு சோதனைச் சாவடி திறக்கும் நேரத்துக்குப் போய் நின்று, மறையூர் ஏறி மூணாறில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்ட நாள்கள் எத்தனையோ. வளைவுகளில் அந்த வண்டி என் கை நினைத்த இடத்துக்குப் போகும்.

திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. மனைவிக்கும் ஊர் சுற்றப் பிடிக்கும். போன மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இருவருமாக ஏறினோம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்டில் வண்டியை நிறுத்தியபோது அவர் அணைக்கட்டைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு நின்றார். உள்ளங்கை மரத்துப்போய்விட்டதாம். ஒவ்வொரு முறை நான் பிரேக் பிடித்தபோதும் முன்னால் சரிந்து, டாங்க் மேல் கை ஊன்றித்தான் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கும் அன்று வண்டி என் வண்டி மாதிரியே இல்லை. வளைவில் உள்ளே திரும்ப மறுத்தது, வெளியே வெளியே ஓடியது. திரும்பி வரும்போது பொள்ளாச்சியில் இறங்கி, மீதி நாற்பது கிலோமீட்டரைப் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சண்டை போடவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வண்டியை மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டேன். எதை வாங்குவது? தனியாக ஓட்டும்போது இருந்த சுகத்தில் எவ்வளவு போய்விடும்? இருவராக நெடுந்தூரம் போகிறவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2: சேலம் ஸ்பேனர்

பதினெட்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் வண்டி வளைவில் வெளியே ஓடியதற்குக் காரணம் சொல்கிறேன். காரணம் தெரியாமல் அடுத்த வண்டி வாங்கினால் அதிலும் இதே கதைதான் நடக்கும்.

ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் இருக்கை ஏறக்குறைய பின் சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது, அதுவும் உயரத்தில். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே உட்கார்ந்தால் அந்த அறுபதும் கிட்டத்தட்ட முழுசாகப் பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. பின்பக்கம் தாழ்கிறது, முன் சக்கரம் இலேசாகிறது, முன் ஃபோர்க்கின் சாய்வு கூடுகிறது. நீங்கள் ஹேண்டிலைத் திருப்புகிறீர்கள். வண்டி யோசித்துவிட்டுத் திரும்புகிறது. அதோடு எடை உயரத்தில் இருப்பதால் மெதுவான கொண்டை ஊசி வளைவில் கவிழ்வது போன்ற பயம் வரும். டூரிங் வண்டிகளில் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் அதிகம். உங்கள் வகை வண்டிகளில் இது 1,350 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; ஹிமாலயன் 450இல் 1,510. அந்தக் கூடுதல் நீளத்தில்தான் இரண்டாவது ஆள் நிம்மதியாக உட்கார இடம் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம். பின்னால் ஆள் ஏறியதும் ஷாக் அப்சார்பரின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தத்தை, எத்தனை பேர் மாற்றுகிறீர்கள்? என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலருக்கு இருக்கைக்கு அடியில் அதை மாற்றும் சி-ஸ்பேனர் இருப்பதே தெரிவதில்லை. பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங் அதேதான்; ஆள் ஏறிய பிறகும் வண்டி தன் சரியான உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான். அளந்து பார்ப்பது எளிது. மெயின் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து இருக்கைக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். மெயின் ஸ்டாண்ட் இல்லாத வண்டியைப் பட்டறையில் தூக்கித்தான் அளக்க வேண்டும். பிறகு நீங்கள் இருவரும் பையோடு ஏறி உட்கார்ந்து, மூன்றாவது ஆளை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் சஸ்பென்ஷனின் மொத்த இயக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். பாதியைத் தொட்டுவிட்டால், ஒரு வேகத்தடைக்கே அடி தட்டும்.

பின்பக்கம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு மேலே பார்க்கும். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்துகொண்டு, உங்கள் முன்னால் உள்ள பள்ளத்தை நீங்கள் பார்க்க முடியாமல் போவீர்கள். பிரீலோடைச் சரிசெய்த பிறகு விளக்கையும் சுவருக்கு எதிரே நிறுத்தி இறக்கிக்கொள்ளுங்கள். டயர் காற்றும் அப்படித்தான்: தனியாகப் போக ஓர் அளவு, இருவராகப் போக ஓர் அளவு என்று கையேட்டில் இரண்டாகவே போட்டிருக்கும். பெட்ரோல் பங்கில் "இரண்டுக்கும் முப்பது" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள்.

பதிவு 3: எழுபது வளைவு

நான் கொல்லிமலை அடிவாரத்துக்காரன். என்னுடையது மாற்றுக் கருத்து. இந்த வண்டியை விற்காதீர்கள். பின் இருக்கைக்கு ஒரு ஜெல் திண்டு போடுங்கள், கைப்பிடி ஒன்று பொருத்துங்கள், ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி பிரீலோடை ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை இருவராகப் போவதற்காக, மற்ற இருபத்தொன்பது நாளும் பிடிக்காத வண்டியில் போவதா?

நான் அந்தத் தவறைச் செய்தேன். வேகமான வண்டியை விற்றுவிட்டுப் பெரிய, கனமான வண்டி ஒன்று வாங்கினேன். இரண்டு பேருக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து சாவியை எடுக்கவே கை போகவில்லை. எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன். ஓட்டுகிறவனுக்கு ஆசை இல்லாத வண்டியில் யாரும் எங்கேயும் போகமாட்டார்கள்.

பதிவு 4: பின்னிருக்கை

இதுவரை எழுதிய மூன்று பேரும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நான் பின்னாலிருந்து எழுதுகிறேன். மதுரையிலிருந்து கன்னியாகுமரி, மேகமலை, ஒருமுறை ஹம்பி வரை கணவரின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

ஜெல் திண்டால் ஆகாது. பிரச்சினை இருக்கையின் மென்மை அல்ல. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, இருக்கை முன்பக்கம் சரிகிறதா, பிடிக்க என்ன இருக்கிறது, இந்த மூன்றும்தான். ஸ்போர்ட்ஸ் வண்டியில் கால்மிதி உயரத்தில் இருக்கும், முழங்கால் மார்பை நோக்கி வரும். அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இருக்கை முன்னால் சரிவதால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடம்பு ஓட்டுகிறவர் முதுகில் போய் மோதும். அதைத் தடுக்கத்தான் டாங்க்கில் கை ஊன்றுகிறோம். அந்த எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. உங்கள் மனைவிக்குக் கை மரத்துப்போனது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபமே உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. வண்டி எடுத்த அன்றே அந்தச் சேலைத் தடுப்பைக் கழற்றி வீசுகிறவர்களை எத்தனை பேரைப் பார்க்கிறோம்! அழகு கெடுகிறதாம். துப்பட்டா செயினில் சுற்றியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அன்றிலிருந்து வண்டியில் ஏறினால் துப்பட்டா பைக்குள் போய்விடும்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். வண்டியின் பெயர்ப் பட்டியலை இங்கே கேட்பதற்கு முன் உங்கள் மனைவியிடம் கேளுங்கள். "வசதியா?" என்று கேட்காதீர்கள், யாராக இருந்தாலும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். எங்கே வலித்தது, எத்தனையாவது கிலோமீட்டரில் வலித்தது, எதைப் பார்த்துப் பயந்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அவரையே இங்கே எழுதச் சொல்லுங்கள்.

பதிவு 5: வெள்ளலூர் வாசி

நன்றி. பதிவு 4ஐ அவருக்கு வாசித்துக் காட்டினேன். "இவர் என்னோடு வால்பாறைக்கு வந்தவரா?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

என் மனத்தில் இருப்பவை: மீட்டியோர் 350, டொமினார் 400, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், ஹிமாலயன் 450. கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தால் சூப்பர் மீட்டியோர் 650. என் எடை 78, அவர் 61. உயரம் நான் 175 சென்டிமீட்டர், அவர் 155.

பதிவு 6: காவிரிக்கரை

இந்த ஐந்தும் ஒரே வேலைக்கான வண்டிகள் அல்ல, அதனால் எண்களை வைத்துப் பேசுவோம்.

முதலில் எடைக் கணக்கு. 78ம் 61ம் சேர்ந்து 139. ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் இருவருக்கும் சேர்த்துப் பத்துக் கிலோவுக்குக் குறையாது. இரண்டு நாள் பயணத்துக்குப் பை, தண்ணீர், கருவிகள் என்று இருபது. ஆக 170 கிலோ. வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கும். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விற்பனையாளர்கள் யாரும் தாமாக எடுத்துக் காட்டமாட்டார்கள்.

அடுத்தது முறுக்குவிசை, அதாவது எஞ்சினின் இழுவை, எந்தச் சுழற்சியில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) வருகிறது என்பது. மீட்டியோரில் 27 நியூட்டன் மீட்டர், 4,000 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. டொமினாரில் 35, ஆனால் 6,500இல். ஹிமாலயன் 450இல் 40, 5,500இல். நீங்கள் ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஏழாயிரத்துக்கு மேல் வைத்தே ஓட்டிப் பழகியவர். இருவராக மலை ஏறும்போது அந்தப் பழக்கம் உதவாது. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் இடிக்கும். கீழ்ச் சுழற்சியில் இழுக்கிற எஞ்சினில் கியரை மாற்றாமலே வளைவிலிருந்து வெளியேறலாம்.

மூன்றாவது, பின் சஸ்பென்ஷனின் இயக்கம். மீட்டியோர் மாதிரி தாழ்ந்த குரூஸர் வண்டிகளில் ஏறி இறங்குவது சுலபம். சூப்பர் மீட்டியோர் 650இல் ஓட்டுபவர் இருக்கை 740 மில்லிமீட்டர்தான். அதன் டூரர் வகையில் முதுகுத் தாங்கியும் வருகிறது. ஆனால் பின் சக்கரத்தின் இயக்கம் 101 மில்லிமீட்டர். ஹிமாலயன் 450இல் 200. நான்கு வழிச் சாலையிலேயே போய் வருவீர்கள் என்றால் இந்த வித்தியாசம் தெரியாது. ஊர்ச் சாலைகளில் போவீர்கள் என்றால் இதுதான் எல்லாம். உயரமான வண்டிக்கும் விலை உண்டு: ஹிமாலயனின் இருக்கை 825 மில்லிமீட்டர், எடை 196 கிலோ. எடை பயமாக இருந்தால் வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167 கிலோதான். ஆனால் 26.5 குதிரைத்திறனில் உங்கள் 170 கிலோ சுமையோடு வால்பாறை ஏறினால் முந்திச் செல்லும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

வரியையும் மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 40 ஆனது. முன்பு போட்ட விலைக் கணக்கை வைத்து யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். 350க்கும் 450க்கும் இடையே இப்போது உள்ள இடைவெளியில் இருவருக்கும் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், பைகள் எல்லாமே வாங்கிவிடலாம். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரக் குறியான ஐஎஸ் 4151 முத்திரை இல்லாத ஹெல்மெட்டைப் பின்னால் இருப்பவருக்கு மாட்டிவிட்டுத் தான் மட்டும் விலையுயர்ந்ததை மாட்டுகிறவர்களைச் சாலையில் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

பதிவு 7: ஆரல்வாய்க் காற்று

பெட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. டூரிங் வண்டி வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே பின்னால் பெரிய டாப் பாக்ஸ் மாட்டிவிடுகிறார்கள். பின்னால் இருப்பவர் சாய்ந்துகொள்ள நல்லதுதான். ஆனால் அது பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்குகிறது. நெம்புகோல் மாதிரி. அதில் கனமானதை வைத்தால் ஸ்பேனர் அண்ணன் சொன்ன முன் சக்கர இலேசு இன்னும் கூடும். அதற்குள் மழைக் கோட்டு, துண்டு, தின்பண்டம் மட்டும். கருவிகள், தண்ணீர், சங்கிலிப் பூட்டு எல்லாம் பக்கப் பைகளில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே.

நான் இருப்பது ஆரல்வாய்மொழிப் பக்கம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, வாழ்க்கை. முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது மேற்கிலிருந்து கணவாய் வழியாக வருகிற காற்று வண்டியை ஒரு கை அகலம் நகர்த்தும். தனியாக வரும்போது குனிந்து சமாளிக்கலாம். இருவரும் பெட்டியும் சேர்ந்தால் அது பாய்மரம். லாரியை முந்தும்போது காற்று ஒரு கணம் நின்றுவிடும், லாரியின் மூக்கைத் தாண்டியதும் மொத்தமாக அடிக்கும். அந்தக் கணத்துக்குத் தயாராக இல்லாதவர்கள் பக்கத்து வரிசைக்குப் போய்விடுகிறார்கள். ஐம்பது, அறுபதுக்குமேல் போகாதீர்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முழங்காலால் டாங்க்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர்த்துங்கள். பின்னால் இருப்பவர் காற்றுக்கு எதிராகத் தானாகச் சாயக்கூடாது. ஓட்டுகிறவரின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு அவரோடு அசைந்தால் போதும்.

பதிவு 8: தெப்பக்குளம் தெரு

ஒரு சிறு அனுபவம். எனக்குப் பின்னால் ஏறுவது அம்மா. அறுபத்து மூன்று வயது. புடவையில் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். நான் உயரமான அட்வென்சர் வண்டி வாங்கியபோது அம்மாவால் ஏறவே முடியவில்லை. வாசல் படிக்கு அருகே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்தது. போகும் இடத்தில் எல்லாம் படி இருக்குமா? ஆறு மாதம் கழித்துத் தாழ்ந்த 350 வண்டிக்கு மாறினேன். இப்போது வாரம் தவறாமல் அழகர்கோவில். எனவே பின்னால் ஏறப்போவது யார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

பதிவு 9: எழுபது வளைவு

காவிரிக்கரை, ஹெல்மெட் இடிப்பது பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அது வண்டியின் குற்றம் இல்லை, ஓட்டும் கையின் குற்றம். கிளட்சை மெதுவாக விடத் தெரியாதவர் எந்த வண்டியில் ஏறினாலும் இடிக்கும். அவர் முதலில் இப்போதுள்ள வண்டியிலேயே இருவராக ஓட்டப் பழகட்டும் என்பதுதான் என் வாதம்.

பதிவு 10: சேலம் ஸ்பேனர்

பாதி ஒப்புக்கொள்கிறேன். கை பழக வேண்டும். இருவராகப் போகும்போது பின் சக்கரத்தில் எடை இருக்கிறது, அதனால் பின் பிரேக் உண்மையிலேயே வேலை செய்யும். பின் பிரேக்கை ஒரு நொடி முன்னதாகத் தொட்டு வண்டியை அமர்த்திவிட்டுப் பிறகு முன் பிரேக்கைப் பிசைந்தால் பின்னால் இருப்பவர் சரியமாட்டார். இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டாதீர்கள், இரண்டாவது கியரில் எஞ்சினே இழுத்துப் பிடிக்கட்டும். இதெல்லாம் இன்றே பழகலாம். ஆனால் முழங்கால் மடங்குவதைப் பழக்கத்தால் சரிசெய்ய முடியாது, தம்பி.

பதிவு 11: வெள்ளலூர் வாசி

இந்தப் பதிவை எழுதுவது அவர் இல்லை, அவர் மனைவி. கணக்கு அவருடையது.

எல்லாவற்றையும் படித்தேன். எனக்காக இவ்வளவு பேர் யோசித்திருப்பதைப் பார்த்து மனம் நெகிழ்ந்தது. கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். வலித்தது முதலில் மணிக்கட்டில், ஆழியாறு தாண்டிய உடனே. பிறகு முழங்காலில். பயந்தது வளைவுகளைப் பார்த்து இல்லை. எதிரே பஸ் வருவது எனக்கு இவருக்கு முன்பே தெரிந்தது, ஏனென்றால் நான் இவர் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தேன். இவர் எப்போது பிரேக் பிடிப்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அதுதான் பயம்.

பொள்ளாச்சியில் பஸ் ஏறியதற்குக் காரணம் வலி மட்டும் இல்லை. ஆழியாறிலிருந்து அட்டகட்டி வரை நான் இரண்டு முறை இவர் தோளைத் தட்டினேன், ஒருமுறை வரையாடு பார்த்து, ஒருமுறை தண்ணீர் குடிக்க. இவர் அதைக் "கொஞ்சம் மெதுவாக" என்று புரிந்துகொண்டு மெதுவாகப் போனார். நிற்கவில்லை. இவர் மீது தப்பில்லை, எங்களுக்குள் ஒரு மொழி இல்லை. இப்போது ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்: ஒரு தட்டு மெதுவாக, இரண்டு தட்டு நில், முழங்காலால் ஓர் அழுத்தம் என்றால் "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்".

எனக்கு வேண்டியவை இவை. இரண்டு கையாலும் பிடிக்க ஏதாவது. முதுகுக்குப் பின்னால் ஏதாவது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க ஐந்து நிமிடம். ஏறுவதற்கு இவர் இரண்டு காலையும் ஊன்றி முன் பிரேக்கைப் பிடித்து, நான் "சரி" என்று சொன்ன பிறகே ஸ்டாண்டை எடுப்பது. வண்டியின் பெயர் எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. எழுபது வளைவு அண்ணா, இவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆசையும் இருக்க வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சாவியை எடுக்கும்போது இவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அது போய்விடக் கூடாது.

பதிவு 12: எழுபது வளைவு

தங்கச்சி, இதற்கு மேல் நான் வாதாடமாட்டேன். விற்றுவிடச் சொல்லுங்கள். ஷோரூமில் இரண்டு தெரு சுற்றிக் காட்டுவதை நம்பாதீர்கள். வாடகை வண்டி கிடைக்கும், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, பையெல்லாம் கட்டி, நீங்கள் சொல்கிற சாலையில் ஓட்டச் சொல்லுங்கள்.

பதிவு 13: வெள்ளலூர் வாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அண்ணன் சொன்னபடியே வாடகைக்கு எடுத்து ஓட்டினோம். சாலையைத் தேர்ந்தெடுத்தவர் அவர்: வெள்ளலூரிலிருந்து செட்டிபாளையம் வழியாக, வேலை நடந்து பாதியில் நிற்கிற ஓர் ஊர்ச் சாலை, பிறகு பொள்ளாச்சி நெடுஞ்சாலை, பிறகு ஆழியாறு. வால்பாறை வரை போகவில்லை, ஒன்பதாவது வளைவு வரை மட்டும். இரண்டு வண்டிகள், இரண்டு சனிக்கிழமைகள்.

தாழ்ந்த குரூஸரில் ஏறியதும் அவர் முகம் மலர்ந்தது. செட்டிபாளையம் வரை பின்னால் பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் அன்றே முன்பணம் கட்டிவிடலாம் போலிருந்தது. ஊர்ச் சாலையின் பள்ளங்கள் வந்ததும் பாட்டு நின்றது. காவிரிக்கரை சொன்ன அந்த மில்லிமீட்டர் கணக்கு என்னவென்று அவர் முதுகெலும்புக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஹிமாலயன் 450. ஏறுவதற்கு முதல் மூன்று முறையும் தடுமாறினார். நான்காவது முறை இடது கால்மிதியில் கால் வைத்து, என் தோளைப் பிடித்து, சைக்கிளில் ஏறுவது போல ஏறிவிட்டார். அதே பள்ளங்கள். பாட்டு நிற்கவில்லை. மலையில் நான் மூன்றாவது கியரிலேயே பல வளைவுகளை முடித்தேன்; ஹெல்மெட் ஒருமுறைகூட இடிக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் இறங்கி அவர் அணைக்கட்டைப் பார்த்தார். நான் அவர் கைகளைப் பார்த்தேன். உதறவில்லை.

வாங்கிவிட்டோம். என் பழைய வண்டியைக் கல்லூரி முடித்த ஒரு தம்பி எடுத்துக்கொண்டார். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறும் வரை விடாமல் பின்தொடர்ந்து முடித்தேன். சாவியைக் கொடுக்கும்போது தொண்டை அடைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. புது வண்டியில் அந்தக் கூர்மை இல்லை. வளைவில் அது என் கையைவிட ஒரு கணம் தாமதமாகத்தான் வருகிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் நான் எழுந்து பார்த்தபோது அவர் எனக்கு முன்பே ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதிவு 14: சேலம் ஸ்பேனர்

மகிழ்ச்சி. செயின் தளர்ச்சியை யாராவது சரிபார்த்தார்களா? தனியாக நிற்கும்போது சரியாக இருக்கிற செயின், இருவரும் பெட்டியும் ஏறிப் பின்பக்கம் அமுங்கும்போது இறுகும். முன் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்), ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஆணி, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் அது உச்சமாக இறுகும். அங்கே தளர்ச்சி இல்லையென்றால் கியர்பாக்ஸ் பேரிங் போய்விடும். கையேட்டில் உள்ள அளவின் தளர்ந்த பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் ஓட்டினால் அன்று இரவே செயினுக்கு எண்ணெய்.

பதிவு 15: வெள்ளலூர் வாசி

மறுபடியும் நான், மனைவி. அடுத்து தனுஷ்கோடி போகிறோம். ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். ஆரல்வாய்க் காற்று அண்ணா, பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று எப்படி இருக்கும்? டாப் பாக்ஸ் மாட்டியிருக்கிறோம், சாய்ந்துகொள்ள வேண்டும் என்பதால்.

பதிவு 16: ஆரல்வாய்க் காற்று

இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரு பக்கமும் கடல், மறைக்க ஒன்றும் இல்லை. அடிக்கும், ஆனால் எங்கள் கணவாய் மாதிரி திடீரென்று வெட்டாது. ஒரே சீராகத் தள்ளும். காலையிலேயே கடந்துவிடுங்கள், நாற்பதில் போங்கள். படம் எடுக்க ஆசை வரும், பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள்; பின்னால் வரும் பஸ்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அரிச்சல்முனையில் வண்டியை மணல் படிந்த ஓரத்தில் நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டையான கல் வையுங்கள், புதைந்துவிடும். ஊர் திரும்பியதும் முதல் வேலை நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுவது. உப்புக் காற்று செயினை விடாது.

பதிவு 17: வெள்ளலூர் வாசி

குறித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை நான்கரைக்குக் கிளம்புகிறோம். முதல் நிறுத்தம் தாராபுரம், இட்லிக்கு. அதற்கு முன் தோளில் இரண்டு தட்டு விழுந்தால் அங்கேயே.